கோணல் பொட்டு

8-1-1964, புதன்

கடலை மில்லில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி. கொழுந்தன் ஜினேந்திரன் கொண்டுவந்து நடையில் வைத்திருந்தார். "எனக்கு எதுக்கு இது, நீங்க வேணும்னா வெச்சிக்கோங்க அண்ணி" என்றார். எடுத்துக்கொண்டேன்.

சித்தாமூரில் நாலாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். எழுத்துப் பிழை வரும். வரட்டும். யார் படிக்கப் போகிறார்கள்.

என் வீட்டுக்காரர் இருந்தவரை எனக்கு எழுதத் தேவையே வரவில்லை. பகல் முழுக்க வீட்டிலும் கிணற்றடியிலும் காதில் விழுந்ததையெல்லாம் சேர்த்து வைப்பேன். அவர் தையல் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கையால் சொல்வேன். யார் வீட்டில் சண்டை, அரிசி என்ன விலை, ஜினேந்திரன் பெண்டாட்டி நீலாஞ்சனா மத்தியானம் எதற்கு அப்படிச் சிரித்தாள். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. ஆனால் இந்த வீட்டில் அவருக்குத் தெரியாத சேதி ஒன்று கிடையாது. நான் எதையாவது மறைத்தால் என் முகவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்புவார். கை ஒன்று சொல்கிறது, முகம் வேறு சொல்கிறதே என்பார்.

இப்போதும் எல்லாம் காதில் விழுகிறது. சொல்லத்தான் ஆள் இல்லை. கை சும்மா மடியில் கிடக்கிறது. அதுதான் எழுதுகிறேன்.

9-1-1964, வியாழன்

துக்கம் கேட்க இன்றும் இரண்டு பேர் வந்தார்கள். "பாவம், காது மட்டும் கேட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா" என்று அழுதாள் ஒருத்தி. அவர் போனது மஞ்சள் காமாலையில். காமாலைக்குக் காது எதுக்கு? கேட்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருப்பவள் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது.

10-1-1964, வெள்ளி

இன்று சந்தை. விடிந்ததிலிருந்து ஆடு கத்துகிற சத்தம் இந்த இருட்டறை வரைக்கும் வருகிறது.

வெள்ளிக்கிழமை என்றால் கடையில் அவர் துணி வெட்ட மாட்டார். மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பலகையைத் துடைத்து வைப்பார். சந்தைக்கு வருகிற காது கேளாதவர்கள் அத்தனை பேரும் அங்கே வந்துவிடுவார்கள். சிங்கவரத்திலிருந்து ஆடு மேய்க்கிற கன்னியப்பன் வருவான். அனந்தபுரத்திலிருந்து முறம் விற்க மங்கை வருவாள். இன்னும் சிலர். வாரம் முழுக்க மனசில் அடைத்து வைத்ததை அங்கே வந்து கொட்டுவார்கள். கை நிற்காது. பக்கத்து டீக்கடை கோவிந்தசாமி, "ஊமைக் கச்சேரி ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று கிண்டல் செய்வார். ஊமை என்கிறார்கள். அந்தப் பேச்சைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பாஷை தெரிந்தவள் என்று நானும் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் அங்கே உட்கார்ந்துவிடுவேன். கன்னியப்பன் சேரிப் பையன், எங்கள் வீட்டு வாசற்படி ஏறினதில்லை. ஏறு என்று இங்கே யாரும் சொன்னதுமில்லை. கடையில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பலகை.

அவர் போன மூன்றாம் நாள் அவர்கள் துக்கத்துக்கு வந்தார்கள். தெருவில் நின்றார்கள். நான் வழக்கப்படி இருட்டறையில், தலைக்கு மேல் முந்தானையை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மற்றப் பொம்பளைகளுக்கு என் அழுகை கேட்டது. இவர்களுக்கு? முகமும் தெரியாது, கையும் தெரியாது. மூடின துணி ஒன்று தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்களாம்.

இன்றைக்கும் வந்தார்கள் என்று நீலாஞ்சனா சொன்னாள். "சாத்தின கடை முன்னாடி வரிசையா நின்னுக்கிட்டு கீறாங்க அக்கா. போங்கன்னு கையக் காட்டிட்டு வந்தேன்."

12-1-1964, ஞாயிறு

பொழுதோடு சாப்பிட்டாயிற்று. நாங்கள் சமணர், நைனார் என்பார்கள்; இந்த வீட்டில் இருட்டின பிறகு சோறு இல்லை, விளக்கும் அதிக நேரம் எரியாது. பூச்சி வந்து விழும், ஜீவ இம்சை. நல்ல வழக்கம்தான். ஆனால் கல்யாணமாகி வந்த புதிதில், விளக்கு அணைந்ததும் அவர் பேச்சும் அணைந்துவிடும். இருட்டில் மற்றவர்கள் பேசிக்கொண்டு கிடப்பார்கள். அவர் மட்டும் தனியாகிவிடுவார்.

ஒரு நாள் மெல்லிசான மல் துணியில் குல்லாய் மாதிரி ஒன்று தைத்து வந்தார். சிம்னிக்கு எட்டத்தில் மூங்கில் வளையம், அதைச் சுற்றித் துணி. பூச்சி உள்ளே போகாது, வெளிச்சம் வெளியே வரும். மாமனார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்கருகிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் குல்லாய் பரண் மேல் இருக்கிறது. இறக்கவில்லை.

17-1-1964, வெள்ளி

பொங்கல் போயிற்று.

19-1-1964, ஞாயிறு

ஜினேந்திரன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பேசினார். வார்த்தையைத் தேடித் தேடி.

"அண்ணி... கடை சும்மா கெடக்குது. கடலை வரத்து ஆரம்பிச்சிட்டுது. மூட்டை போட எடமில்ல. அண்ணன் மிஷின அப்பிடியே ஓரமா வெச்சிடறேன், யாரும் தொட மாட்டாங்க. சாவி உங்க கிட்டதான் கீது..."

கெட்ட மனுஷர் இல்லை. அண்ணன் கடைசி நாள்களில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றியவர் அவர்தான்.

"உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். சாவியை எடுத்துக் கொடுக்கத்தான் கை வரவில்லை. நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

கடை போனால் அவர்கள் வெள்ளிக்கிழமை எங்கே போவார்கள்? எனக்கென்ன. எனக்கே போக இடமில்லை.

24-1-1964, வெள்ளி

சாவி இன்னும் என் இடுப்பில்தான்.

இன்று ஜன்னல் கதவைக் கொஞ்சம் திறந்தேன். எதிரே மங்கை, தலையில் முறக் கட்டு. என்னைப் பார்த்துவிட்டாள். சந்தோஷத்தில் கை தானாக என் பெயரைச் சொல்ல மேலே போயிற்று – நெற்றிக்கு. தொடப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. பிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் முறத்தைப் பிடித்துக்கொண்டாள்.

என் பெயர் அதுதான். ராஜமதி என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? பெண் பார்க்க வந்த அன்று வெயிலில் வேர்த்து என் பொட்டு இடது பக்கம் வழிந்திருந்ததாம். அவர் தன் அப்பாவிடம் என்னைக் காட்டி, நெற்றியில் நடுவுக்குக் கொஞ்சம் இடது தள்ளி விரலை வைத்தார். கோணல் பொட்டுக்காரி. அன்றிலிருந்து அதுவே என் பெயர். பிறகு நான் எவ்வளவு நேராக வைத்தாலும் பெயர் நேராகவில்லை.

இப்போது பொட்டே இல்லை. ஜன்னலைச் சாத்தினேன். அவள் எப்படித்தான் கூப்பிடுவாள் என்னை?

26-1-1964, ஞாயிறு

நாளைக்குச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இழுத்துக்கொண்டே போவது சரியில்லை. ஜினேந்திரன் கேட்கவும் மாட்டார், போகவும் மாட்டார். நடையில் நின்று தொண்டையைச் செருமுகிறார்.

1-2-1964, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

நேற்றுச் சந்தை. சாயங்காலத்துக்கு முன்னால் தெருவில் ஒரே கூச்சல். கன்னியப்பனின் அம்மா விருத்தாம்பாள்.

"நைனாரு வூட்டம்மா! எம் புள்ளய மரத்துல கட்டிப் போட்டு அடிக்கிறாங்கம்மா! ஆட்டத் திருடிட்டான்றாங்க. அவன் இன்னா சொல்றான்னு எனக்கு ஒண்ணும் புரியலம்மா, நீ வந்து கேளும்மா!"

எழுந்துவிட்டேன். நீலாஞ்சனா குறுக்கே நின்றாள்.

"அக்கா, நீ மூலையில கீற. அதுவும் வெள்ளிக்கிழம. அதுவும் ஆட்டுச் சந்தைக்கி! கசாப்புக்குப் போற ஜீவன் கத்துற எடத்துல நம்ம வூட்டுப் பொம்பள என்னிக்காவது கால் வெச்சிருக்குதா?"

"அங்க கட்டிப் போட்டிருக்கிறதும் ஜீவன்தானே" என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. அவள் ஒதுங்கினாள்.

தெருவில் நடக்கும்போது கண் கூசியது. எதிரே வந்த வியாபாரிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் காறித் துப்பினார். போகட்டும்.

சந்தைமேட்டுப் புளியமரத்தில் அவனைக் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது. கை இரண்டும் பின்னால், ஆட்டுக் கயிற்றால். ஆ, ஆ என்று கத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் அனந்தபுரத்து ஆட்டு வியாபாரி, கையில் வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்பு ஆடு. சந்தைக் குத்தகைக்காரர் கலியபெருமாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுப் பாத்தாச்சிம்மா. பதில் சொல்ல மாட்டேன்றான். திருட்டு முழி முழிக்கிறான்" என்றார்.

"கைய அவுத்து உடுங்க."

"ஓடிடுவான்."

"வாயக் கட்டிப் போட்டுட்டு யாரயாவது கேள்வி கேப்பீங்களா? அவன் வாய் அங்கதான் கீது."

யாரோ சிரித்தார்கள். கலியபெருமாள் சிரிக்கவில்லை. கயிற்றை ஒருமுறை பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார். அவிழ்க்கச் சொன்னார்.

கயிறு அவிழ்ந்ததும் கன்னியப்பன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டான். கை நெற்றிக்குப் போயிற்று. மங்கை கை நின்ற இடத்தில் அவன் கையும் நின்றது. பிறகு மடமடவென்று சொல்ல ஆரம்பித்தான். நான் வாயால் சொல்லிக்கொண்டே வந்தேன். இது நான் குட்டியிலிருந்து வளர்த்த ஆடு. கோட்டை அகழிப் பக்கம் மேய்ப்பேன். பொங்கலுக்கு முன்னால் காணாமல் போயிற்று. மலையெல்லாம் தேடினேன். இன்றைக்கு இங்கே பார்த்தேன், கயிற்றைப் பிடித்தேன், அதுவும் என்னைத் தெரிந்து என் பின்னால் வந்தது. நடந்து போகும்போது முதுகில் அடி விழுந்தது.

"கூப்பிட்டேன், திரும்பல. திருடன்னுதானே நெனப்பேன்?" என்றார் வியாபாரி.

கலியபெருமாள் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாம்மா நெனைக்கிற? பையன் நல்லவனா?"

"நான் நெனைக்கிறது எதுக்குங்க? அவனப் பாத்துக் கேளுங்க. அவன் சொல்றத நான் சொல்றேன்."

அவர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் வியாபாரி சொன்னார். "நானும் காசு குடுத்து வாங்கனவன்தாங்க. சிங்கவரத்துல பெரியதம்பின்னு ஒருத்தன் வித்தான்."

பெரியதம்பி – கன்னியப்பனின் அண்ணன். கூட்டத்தில்தான் நின்றிருந்தான், எல்லோருக்கும் பின்னால். விருத்தாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். கலியபெருமாள் அவனை முன்னால் இழுத்துவரச் சொன்னார்.

"தங்கச்சி சீமந்தத்துக்கு வித்தோங்க. திருட்டுத்தனமா ஒண்ணும் இல்ல, வூட்ல எல்லாருமா பேசித்தான் வித்தோம்."

"எல்லாரும்னா, இவனும்தானா?" என்று நான் கேட்டேன்.

"இவனும் அங்கதானே ஒக்காந்திருந்தான்" என்றான் பெரியதம்பி.

அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னாலேயே, அவன் சோறு தின்னும்போதே, அவன் ஆட்டைப் பேசி விற்றிருக்கிறார்கள். அவனும் எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்திருப்பான்.

"எப்பிடிம்மா சொல்றது? அவனுக்குத்தான் கேக்காதே" என்று விருத்தாம்பாள் அழுதாள். "எதுனா முக்கியமான சேதின்னா வெள்ளிக்கெழம ஓங்கூட்டு நைனாரு கிட்ட சொல்லி வெப்போம், அவரு அவனுக்குச் சொல்லுவாரு. கடதான் சாத்திட்டுதே. கட தெறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டோம்."

இதற்குள் கன்னியப்பன் என் தோளைத் தட்டினான். எல்லோரும் எதையோ பேசுகிறார்கள், அம்மா அழுகிறாள், என்ன, என்ன? – அவன் கண் என் கையை விட்டு அகலவில்லை.

ஒரு பொய் மனசில் வந்தது. இது உன் ஆடு இல்லை, அதே மாதிரி வேறு ஆடு என்று சொல்லிவிடலாமே என்று. நம்பியிருப்பான். என் கையைத்தான் அவன் நம்புவான். வீட்டில் சண்டை வராது, ஆடும் வியாபாரியோடு போய்விடும். கை எழுந்தும் விட்டது. அப்போது என் முகவாயை யாரோ பிடித்துத் திருப்பின மாதிரி இருந்தது.

உள்ளதைச் சொன்னேன். உன் அண்ணன் விற்றான். தங்கை சீமந்தத்துக்கு. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உனக்குச் சொல்லவில்லை.

அவன் முகத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அடி வாங்கினபோதுகூட அப்படி இல்லை.

பிறகு அண்ணனைப் பார்த்துக் கையை எடுத்தான். மெதுவாகச் சொன்னான். நானும் மெதுவாகவே சொன்னேன், உரக்க. 'அவன் சொல்கிறான்' என்று சொல்ல வாய் வரவில்லை. 'நான்' என்றே சொல்லிவிட்டேன்.

"நீங்க எல்லாரும் சோறு துன்னும்போது பேசிச் சிரிக்கிறீங்க. நான் இன்னான்னு கேட்டா அப்புறம்னு கையக் காட்டுறீங்க. சின்ன வயசுலேர்ந்து அப்புறம், அப்புறம். அந்த அப்புறம் எப்ப வரும்? தங்கச்சிக்குன்னு கேட்டிருந்தா நானே ஓட்டிக்கினு வந்து வித்திருப்பேன். மலையில தேடும்போது முள்ளு குத்தி கால் சீழ் வெச்சிது. அத வூட்ல அத்தினி பேரும் பாத்தீங்க."

ஆடு மட்டும் கத்திற்று.

பெரியதம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கன்னியப்பன் ஆட்டின் கழுத்தைச் சொறிந்துவிட்டு, கயிற்றை எடுத்து அவனே வியாபாரி கையில் கொடுத்தான். வியாபாரி, "கை வெச்சது தப்புதான்பா" என்று ஒரு பீடியை நீட்டினார். கன்னியப்பன் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது எனக்கு வழி விட்டு நின்றார்கள். மரியாதைக்கா, சகுனத்துக்கா, தெரியவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நீலாஞ்சனா கொல்லையிலேயே வெந்நீர் வைத்திருந்தாள். குளித்த பிறகுதான் உள்ளே விட்டாள். இனிச் சோறு கிடையாது. பார்த்தால் ஜினேந்திரனும் சாப்பிடவில்லை. அண்ணி வரட்டும் என்று உட்கார்ந்திருந்து பொழுதைக் கோட்டைவிட்டிருக்கிறார். அவர் சாப்பிடாததால் அவளும் இல்லை.

"ஒரு ஆட்டுக்காவ மூணு பேரு பட்டினி" என்றாள் நீலாஞ்சனா. "அந்த ஆடாவது பொழச்சுதா? அதுவும் இல்ல."

சொல்லிவிட்டு என் தலையைத் துவட்டிவிட்டாள்.

3-2-1964, திங்கள்

ஜினேந்திரனைக் கூப்பிட்டு நானே சொன்னேன். கதவுக்குப் பின்னால் இல்லை, கூடத்தில் உட்கார்ந்து.

"சாவி குடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழம கடை தெறக்கணும்."

"அண்ணி, வண்டி நாளைக்கி வருது. மூட்டைய எங்க போடுவேன்? அதோட, நீங்க போயி கடையில ஒக்காந்தா ஊர் இன்னா சொல்லும்?"

"ஊர் சொல்றதையெல்லாம் தெனம் உங்க அண்ணனுக்கு நான்தானே சொன்னேன். ஒண்ணு உடாம சொல்லியிருக்கேன். அவரு ஒரு நாளும் பயந்துக்கல."

பிறகு, "எனக்கு அண்ணன்கூட பேசவே தெரியாது அண்ணி" என்றார். "சாப்பிட்டியா, தூங்கு, வலிக்குதா. அவ்ளோதான் எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் நீங்க சொல்லுவீங்கன்னு உட்டுட்டேன்."

முடிவாகப் பாதிக் கடையில் மூட்டை, பாதிக் கடை எனக்கு. வெள்ளிக்கிழமை மூட்டை ஏற்ற இறக்க ஆள் வரக் கூடாது. ஒத்துக்கொண்டார். சாவி என்னிடமே இருக்கிறது.

எனக்குத் துணி வெட்டத் தெரியாது. காஜா எடுப்பேன், பட்டன் வைப்பேன், ஓரம் அடிப்பேன். வேறு தையல்காரர்களிடம் வாங்கிச் செய்தால் வீட்டுக்குப் பாரமில்லாமல் இருக்கலாம்.

7-2-1964, வெள்ளி

கடைப் பலகையை ஒவ்வொன்றாக நானே எடுத்தேன். கோவிந்தசாமி பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் டீ போடாமல் அடுப்பு முன்னால் நின்றார். என் முகத்தில் விழித்து வியாபாரம் தொடங்க மனசில்லை போல. அவர் கடைக்கு எப்போதும்போல் ஆள் வந்தது.

உள்ளே அவருடைய வாசனை. எண்ணெய், புதுத் துணி, கோடு போடுகிற சாக்கட்டி. உட்கார்ந்து அழுதேன். மூட்டை மேல் எலி ஓடிற்று.

யாரும் வரவில்லை. நான்தானே அன்றைக்குத் துணியைப் போட்டு மூடிக்கொண்டது. ஏன் வருவார்கள்?

14-2-1964, வெள்ளி

வந்தார்கள். மங்கை முதலில், பிறகு கன்னியப்பன், அவனோடு இன்னும் நாலைந்து பேர். பலகை போதவில்லை, கடலை மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். கன்னியப்பன் மூட்டை ஓட்டையில் விரலை விட்டுக் கடலை எடுத்துத் தின்றான். ஜினேந்திரன் பார்த்தால் என்ன ஆகும்!

துக்கம் கேட்டார்கள் – இன்றைக்குத்தான். வெளிச்சத்தில், முகத்தைப் பார்த்து. ஒவ்வொருவரும் அவர் பெயரைச் சொன்னார்கள். கழுத்தில் டேப் தொங்குகிற மாதிரி இரண்டு கையும் கழுத்திலிருந்து மார்புக்கு இறங்கும். அத்தனை கழுத்திலும் அவர் தொங்கினார். காமாலை என்றேன், எப்படி வந்தது, கடைசியில் என்ன கேட்டார், எல்லாம் சொன்னேன். வாயால் சொல்லும்போது வராத அழுகை கையால் சொல்லும்போது வந்தது.

என் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. தோளைத் தொட்டுக் கூப்பிட்டார்கள்.

28-2-1964, வெள்ளி

விருத்தாம்பாள் கன்னியப்பனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "சந்தைக்கிப் போயிட்டு வரேம்மா, அவன்கிட்ட இத மட்டும் சொல்லிடு, அவன் மாமன் வூட்ல..." என்று ஆரம்பித்தாள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "நீயே சொல்லு. உள்ள வந்து ஒக்காரு. எப்பிடின்னு நான் காட்டித் தரேன்."

"எனக்கு இந்த வயசுல வருமாம்மா?"

"நான் என்ன வாத்தியார் வீட்டுப் பொண்ணா? எனக்கு வந்துதே."

இனி இதுதான் வழக்கம். கூட்டிக்கொண்டு வருகிறவரும் உட்கார வேண்டும். அவர் நல்ல மனசோடு எல்லோர் சேதியையும் தானே சுமந்தார். அவர் போனதும் அத்தனையும் நின்றுபோயிற்றே. நானும் ஒருநாள் போய்விடுவேன். அப்புறம்?

விருத்தாம்பாள் கை பானை பிடித்த கை மாதிரி விறைத்து நிற்கிறது. மாமன் என்று காட்டச் சொன்னால் மாடு என்று காட்டுகிறாள். கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். கடைசியில் சேதியைச் சொல்லி முடித்தாள், அவளாகவே. அவன் தலையை ஆட்டிவிட்டு அம்மா கையைப் பிடித்துக்கொண்டான். விடவேயில்லை.

13-3-1964, வெள்ளி

பெரியதம்பி வந்தான். வாசலிலேயே நின்றான். யாரும் வா என்று சொல்லவில்லை. கடைசியில் கன்னியப்பன் மூட்டை மேல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

பேச்சு முடியாமல் இருட்டிக்கொண்டு வந்தது. முன்னெல்லாம் இருட்டினால் எழுந்து போய்விடுவார்கள். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பரண் மேலிருந்து மல் துணிக் குல்லாயை இறக்கி வந்தேன். கொஞ்சம் கிழிந்திருந்தது. தைத்தால் சரியாகிவிடும்.

27-3-1964, வெள்ளி

ஜினேந்திரன் மூட்டை எண்ண வந்ததாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைதானா எண்ண வேண்டும்? வெகுநேரம் எண்ணினார். போகும்போது கன்னியப்பனிடம் கையால், 'சாப்பிட்டியா' என்றார். அவன், 'உன் கடலையைத்தான்' என்றான். அவருக்குப் புரியவில்லை. நான் சொல்லவில்லை.

10-4-1964, வெள்ளி

அனந்தபுரத்திலிருந்து ஒருவர் தன் மகளைக் கூட்டி வந்தார். பவுனம்மாள். ஏழெட்டு வயசிருக்கும். பிறவியிலேயே காது இல்லை. முன்னே பின்னே இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை போல. எல்லோர் கையையும் மாறி மாறிப் பார்த்தாள், திருவிழா பார்க்கிற மாதிரி.

மங்கை அவளுக்கு ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கொடுத்தாள். கன்னியப்பன், தாடியை ஆட்டுகிற ஆடு. தான், முறம். குழந்தை என்னைக் காட்டி, இது யார் என்றது.

மங்கை கை எழவில்லை. கன்னியப்பனைப் பார்த்தாள். அவன் மணிக்கட்டு இரண்டையும் சேர்த்து வைத்துச் சட்டென்று பிரித்தான். கட்டை அவிழ்த்தவள். எனக்குப் புதுப் பெயர் யோசித்து வைத்திருக்கிறார்கள்! எத்தனை நாளாகப் பேசி வைத்தார்களோ. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நல்ல பெயர்தான். ஆனால் அது அவருக்குத் தெரியாத பெயர்.

வேண்டாம் என்றேன். பவுனம்மாளின் விரலைப் பிடித்து என் நெற்றியில் வைத்தேன். நடுவுக்குக் கொஞ்சம் இடது தள்ளி. அங்கே ஒன்றும் இல்லையே என்று உற்று உற்றுப் பார்த்தது குழந்தை. இருந்தது என்றேன்.

வீட்டுக்கு வந்து நீலாஞ்சனாவிடம் சொன்னேன். "நெத்தியத் தொட்டா? சந்தையில, நாலு பேரு பாக்க? உனக்கு எதுக்குக்கா இது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

24-4-1964, வெள்ளி

வெயில் தாங்கவில்லை. கடலை எல்லாம் மில்லுக்குப் போய்விட்டது, மூட்டை இருந்த இடம் காலி. ஜினேந்திரன் அங்கே இரண்டு பெஞ்சு கொண்டுவந்து போட்டிருக்கிறார். அடுத்த வரத்து வரைக்கும் இருக்கட்டும் என்றார்.

இன்று கூட்டம் அதிகம். நான் சாப்பிடப் போகவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் தற்செயலாகத் தெருவைப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் நீலாஞ்சனா, கையில் தூக்கு. எங்களுக்கு நடுவில் ஆடு ஏற்றின லாரி ஒன்று நகராமல் நின்றது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடு. வாயைத் திறந்து அக்கா, அக்கா என்று கத்துகிறாள். ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை.

நான் கையை விரித்துக் காட்டினேன், கேட்கவில்லை என்று.

அவள் இந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், அந்தப் பக்கம் ஒரு தரம். கோவிந்தசாமி கடையில் ஆள்கள் இருந்தார்கள். தூக்கைக் கீழே வைத்தாள். கையை எடுத்து நெற்றியில் விரலை வைத்தாள், தன் பொட்டு கலையாமல், கொஞ்சம் இடது தள்ளி.

எழுந்து போனேன். தயிர்சோறு. வெளிச்சம் இன்னும் இருந்தது.